மான் வேட்டைக்குச் சிறுவாய் ரைபிள் ஏற்றதா?

வயலுக்கு வரும் மான் காண்பதற்கு அழகுடையதேயாயினும், பயிரிட்டவன் கண்ணுக்கு அது வாரமும் கொடாமல், வேலையும் செய்யாமல் விளைச்சலிற் பங்கு கொள்ளும் பங்காளியே ஆகும். இத்தொல்லை இந்நாட்டுக்கு மாத்திரம் உரியதன்று. பிரிட்டனில் ஓநாயும் காட்டுப்பூனை இனத்துப் பெரிய விலங்காகிய லிங்க்ஸும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அற்றுப்போயின. மானை அடித்துத் தின்னும் பெரு விலங்கு ஒன்றேனும் அங்கு இக்காலத்தில் இல்லை. ஆகவே மான்கள் பெருகி, குளிர்காலக் கோதுமையின் இளம் பயிரை மேய்கின்றன. பழத்தோட்டங்களின் குருத்தையும் மொட்டையும் கிள்ளுகின்றன. ஆண் மான்கள் கொம்பைத் தேய்த்து இளமரங்களின் பட்டையை உரித்துவிடுகின்றன. அவற்றின் தொகையை வேட்டையினால் மட்டுப்படுத்துவது அந்நாட்டில் சட்டம் அனுமதித்த காரியமும், நிலச் சொந்தக்காரர் பலருக்கு வருஷந்தோறும் நேரும் வேலையுமாகும்.

இவ்வேலைக்கு எத்தகைய துப்பாக்கி தக்கது என்பதே கேள்வி. முயலையும் காக்கையையும் ஓட்டுவதற்கென்று வாங்கிய .22 ரைபிள் ஒன்று பண்ணை வீடுகள் பலவற்றில் இருக்கின்றது. தோட்டாவின் விலை சொற்பம், சத்தம் குறைவு, தோளில் உதைப்பதில்லை. கோதுமையில் மான் நிற்கும்போது கைக்கு எட்டியதும் அதுவே. ‘குண்டு சிறிதாயினும் குறி தப்பாவிட்டால் போதாதா?’ என்று அநேகர் வாதிக்கின்றனர். இவ்வாதம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதைக் கணக்கையும் அநுபவத்தையும் கொண்டு ஆராய்தல் வேண்டும்.

முதலில் ஒரு விஷயத்தைப் பிரித்தறிய வேண்டும். .22 என்பது குழலின் வாய் ஓர் அங்குலத்தில் நூற்றில் 22 பங்கு, அதாவது சுமார் 5.6 மில்லிமீட்டர், என்பதை மாத்திரம் குறிக்கும். அந்த வாயளவில் இருவகைத் தோட்டாக்கள் உள்ளன. ஒன்று, தோட்டாவின் அடிவிளிம்பில் ஊசி தட்டியதும் வெடிப்பது. 1887-ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் வெளிவந்த .22 லாங் ரைபிள் தோட்டா இவ்வகையைச் சேர்ந்தது. முயலுக்கும் குறி பழகுவதற்கும் உலகெங்கும் வழங்குவது இதுவே. மற்றொன்று, அடியின் நடுவிலுள்ள சிறு மூடியில் ஊசி தட்டியதும் வெடிப்பது. இதில் மருந்து பன்மடங்கு அதிகம். 1964-இல் வந்த .223 ரெமிங்டன் இவ்வகையினது. இரண்டின் குழல்வாயும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் வலிமையிலோ ஆட்டுக்கடாவுக்கும் எருமைக் கடாவுக்கும் உள்ள வித்தியாசம்.

குண்டின் நிறை கிரெயின் என்னும் அளவால் கூறப்படும். 7,000 கிரெயின் ஒரு ராத்தல். .22 லாங் ரைபிளின் குண்டு வழக்கமாக 40 கிரெயின். ஒரு ராத்தல் ஈயத்தில் 175 குண்டுகள் செய்யலாம். வேகமான தோட்டாவிலும் அது குழல்வாயை விட்டு நீங்கும்போது விநாடிக்குச் சுமார் 1,250 அடியே செல்லும். அதன் தாக்கு வலிமை சுமார் 140 அடி-ராத்தல். .223 ரெமிங்டனின் 55 கிரெயின் குண்டு விநாடிக்கு 3,240 அடி வேகத்தில் சென்று சுமார் 1,280 அடி-ராத்தல் வலிமை பெறும். 1955-இல் வெளிவந்து மான் வேட்டைக்காரரிடம் பெரிதும் பரவிய .243 வின்செஸ்டரின் 100 கிரெயின் குண்டு 2,960 அடி வேகத்தில் சுமார் 1,945 அடி-ராத்தல் வலிமையுடன் புறப்படுகின்றது. முயல் துப்பாக்கியைக் காட்டிலும் இஃது ஏறக்குறைய பதினான்கு மடங்கு.

இத்தொகைகளை மானின் உடலோடு ஒப்பிட வேண்டும். முயலின் நிறை ஒன்றிரண்டு கிலோகிராம். பிரிட்டனின் சிறு மான்களில் ஒன்றாகிய ரோ மான் 10 முதல் 25 கிலோகிராம் வரை இருக்கும். செம்மானின் ஆண் ஸ்காட்லாந்து மலைகளில் 90 முதல் 140 கிலோகிராம் வரையும், உணவு மிகுந்த இடங்களில் அதற்கு மேலும் வளரும். முயலின்மீது பட்ட குண்டு எங்குப் பட்டாலும் பெரும்பாலும் உயிரை வாங்கும். மானுக்கோ தோலும், தசையும், விலா எலும்பும் கடந்து இருதயத்தையும் நுரையீரலையும் குண்டு சிதைத்தாலன்றி விரைவில் மரணம் நேராது.

குண்டு மிருகத்தைத் தன் கனத்தினால் தள்ளிக் கொல்வதில்லை. உள்ளே சென்றதும் நுனி மலர்ந்து, தான் செல்லும் வழியை அகலமாக்கி, இரத்தக் குழாய்களை அறுத்து, மூளைக்குச் செல்லும் இரத்தத்தைச் சில விநாடிகளில் நிறுத்துவதாலேயே கொல்கின்றது. மெதுவாகச் செல்லும் 40 கிரெயின் குண்டு இறைச்சியில் ஊசி நுழைந்தாற்போன்ற குறுகிய துளையைச் செய்யும். பெரும்பாலும் மறுபக்கம் வெளிவராது. வெளிவாய் இல்லாமையால் தரையில் இரத்தம் சிந்துவதும் அரிது. குண்டு பட்ட மான் துள்ளி ஓடிப் புதருக்குள் மறைந்துவிடும். சுட்டவன், ‘தப்பிவிட்டது’ என்று நினைத்து வீடு திரும்புவான். மானோ, வயிற்றிலோ நுரையீரலின் ஓரத்திலோ குண்டைத் தாங்கி, பல மணி நேரமும், சில வேளைகளில் பல நாட்களும், சீழ் வைத்துத் துன்புற்று இறக்கும். பயிரும் காப்பாற்றப்படவில்லை, இறைச்சியும் கிடைக்கவில்லை, ஒரு ஜீவன் வீணே வதைக்கப்பட்டது என்பதே மிச்சம். சிறுவாய்த் துப்பாக்கியைப் பற்றிய வழக்கில் முதன்மையான சாட்சி, வேட்டைக்காரன் கண்ணிற் படாத இந்த மானே ஆகும்.

சிறுவாய்த் துப்பாக்கியின் கட்சிக்காரர் கூறும் நியாயங்கள் மூன்று. அவற்றையும் நேர்மையாக எடுத்துப் பார்த்தல் முறை.

முதலாவது: ‘பண்ணையில் பன்றியையும் மாட்டையும் நெற்றியில் .22 குண்டொன்றால் வீழ்த்துவதில்லையா? மான் அவற்றைவிடப் பெரிதோ?’ என்பது. நிகழ்ச்சி உண்மையே, ஆனால் உவமை பொருந்தாது. அடைத்தோ கட்டியோ நிறுத்திய பிராணியின் நெற்றிக்குச் சில அங்குல தூரத்தில் குழலை வைத்து, மூளை இருக்குமிடம் அறிந்து சுடுவது வேறு. அறுபது, எழுபது கெஜத்துக்கு அப்பால், காதை அசைத்துத் தலையைத் திருப்பிக்கொண்டே நிற்கும் காட்டு மானின் சிறிய மூளையைக் குறி வைப்பது வேறு. ஓர் அங்குலம் தவறினால் தாடை உடையும்; தாடை உடைந்த மான் ஓடிப்போய்ப் பட்டினியாற் சாகும். அன்றியும் 50 கெஜத்துக்குக் குறி சரிசெய்த .22 லாங் ரைபிளின் குண்டு 100 கெஜத்தில் அரையடி அளவு தாழ்ந்துவிடும். காற்று வீசினால் பக்கவாட்டிலும் விலகும்.

இரண்டாவது: ‘கைதேர்ந்தவர்கள் சிறு குண்டினால் பெரு விலங்கை வீழ்த்தியிருக்கின்றனர்’ என்பது. இதற்கு உதாரணமாக எடின்பரோவுக்கு அருகில் 1880-இல் பிறந்த வால்டர் பெல் என்பவர் பெயர் எப்போதும் கூறப்படுகின்றது. அவர் ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர். அவற்றுட் பெரும்பகுதியை, பிறர் யானைக்குப் பற்றாதென்று ஒதுக்கிய 7 மில்லிமீட்டர் ரைபிளால் வீழ்த்தினார். பிற்காலத்தில் ஸ்காட்லாந்தில் செம்மான்களை .220 ஸ்விப்ட் என்னும் சிறுவாய் ரைபிளால் சுட்டு, அதனைப் புகழ்ந்தும் எழுதினார். இவையெல்லாம் மெய்யே. ஆயினும் அவர் யானைத் தலையை அறுத்துப் பார்த்து மூளையின் இருப்பிடத்தைக் கற்றவர். குறி தெளிவாகும் வரை காத்திருக்கும் பொறுமையுடையவர். நாள்தோறும் துப்பாக்கியோடு வாழ்ந்தவர். மேலும் அவர் மானுக்கு எடுத்த .220 ஸ்விப்ட், 1935-இல் வெளிவந்த நடுவடித் தோட்டா. அதன் 48 கிரெயின் குண்டு விநாடிக்கு 4,110 அடி வேகமும் சுமார் 1,800 அடி-ராத்தல் வலிமையும் உடையது. அதனைக் காட்டி முயல் துப்பாக்கிக்கு நற்சாட்சிப் பத்திரம் வாங்க முடியாது. வருஷத்தில் இரண்டு மூன்று முறை அலமாரியிலிருந்து துப்பாக்கியை எடுக்கும் குடியானவனுக்கு, தேர்ந்த வேட்டைக்காரனின் விதிவிலக்கு விதியாகாது. சிறந்த வைத்தியன் சிறு கத்தியால் ரணசிகிச்சை செய்வதைக் கண்டு மற்றவன் அரிவாள்மணையை எடுக்கலாகாது.

மூன்றாவது: ‘சத்தமும் உதைப்பும் குறைவாதலால் சுடுபவன் கை நடுங்குவதில்லை, குறி நன்றாய் அமைகின்றது’ என்பது. இந்நியாயத்தில் உண்மை உண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தோளை இடிக்கும் பெருந்துப்பாக்கிக்கு அஞ்சிக் கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுப்பவன், வலிமை மிக்க குண்டினாலும் மானின் குடலையே கிழிப்பான். ஆகவே சிறுவாயை ஒதுக்குவதென்பது, கிடைத்ததில் மிகப் பெரியதை எடுப்பதென்று பொருள்படாது. .243 போன்ற நடுத்தரத் தோட்டா உதைப்பிலும் மிதமானது, மானுக்கும் போதுமானது. அதற்கும் பழக்கம் வேண்டும். பிரிட்டனில் மான் வேட்டைக்கென நடக்கும் தேர்ச்சிப் பரீட்சையில், சுமார் நூறு கெஜ தூரத்தில் மூன்று குண்டுகளை நான்கங்குல வட்டத்துக்குள் சேர்த்துக் காட்டும்படி கேட்கின்றனர். சிறு மானின் இருதயமும் நுரையீரலும் அமைந்த இடத்தின் அளவு ஏறக்குறைய அதுவே.

இவ்விஷயத்தில் பிரிட்டிஷ் சட்டம் வகுத்த எல்லைகள் கவனிக்கத்தக்கவை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ரோ மான்களைக் கலைத்து ஓட்டி ரவைத் துப்பாக்கியால் சுடும் வழக்கம் முன்பு பரவியிருந்தது. அதனாற் காயம்பட்டுத் திரிந்த மான்கள் பல. 1963-ஆம் வருஷத்து மான் சட்டம் இதற்கு வரம்பு கட்டிற்று. இக்காலத்தில் அமலிலுள்ள 1991-ஆம் வருஷத்துச் சட்டமும் அதே கொள்கையினது. ரைபிளின் குழல்வாய் .240 அங்குலத்துக்குக் குறையலாகாது. குழல்வாயில் வலிமை 1,700 அடி-ராத்தலுக்குக் குறையலாகாது. குண்டு நுனி மலர்வதாக இருத்தல் வேண்டும். 2007-இல் ஒரு சலுகை அளிக்கப்பட்டது: மிகச் சிறிய இனங்களாகிய மண்ட்ஜாக் மானுக்கும் சீன நீர்மானுக்கும் மாத்திரம் .220 அங்குல வாய், 50 கிரெயின் குண்டு, 1,000 அடி-ராத்தல் வலிமை இவை போதும் என்பது. ஸ்காட்லாந்தில் 1985-ஆம் வருஷத்து உத்தரவு குழல்வாயை அளவாகக் கொள்ளாமல் குண்டின் நிறையையும், வேகத்தையும், வலிமையையும் அளவாகக் கொண்டது. ரோ மானுக்கு 50 கிரெயினும் 1,000 அடி-ராத்தலும், பெரிய மான்களுக்கு 100 கிரெயினும் 1,750 அடி-ராத்தலும் குறைந்த அளவு. இரண்டுக்கும் வேகம் 2,450 அடி. ஈயத்துக்குப் பதிலாக எடை குறைந்த செப்புக் குண்டுகள் வழக்கத்துக்கு வரவே, 2023-இல் அந்த 100 கிரெயின் 80 ஆகக் குறைக்கப்பட்டது. பெல் புகழ்ந்த 48 கிரெயின் ஸ்விப்ட் குண்டு இன்று அவர் பிறந்த நாட்டிலேயே சிறிய ரோ மானுக்கும் செல்லாது என்பது குறிப்பிடத்தக்கது.

அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறுபடும். விர்ஜினியாவில் .23 அங்குல வாய்க்குக் குறைந்த ரைபிள் மானுக்கு ஆகாது. கொலராடோவில் .24 அங்குல வாயும், 70 கிரெயின் குண்டும், நூறு கெஜத்தில் 1,000 அடி-ராத்தல் வலிமையும் தேவை. வேறு சில மாநிலங்களோ நடுவடித் தோட்டாவாயின் .22 வாயளவையும் அனுமதிக்கின்றன. அறிவுடையோரிடையே கருத்து வேற்றுமை இருப்பது இந்த நடுவடி வகையைப் பற்றியே என்பது இதனால் விளங்கும்.

அந்த நடுவடி .22 பற்றியும் எச்சரிக்கை ஒன்று உண்டு. .223 போன்ற தோட்டாக்களுக்குக் கடையில் கிடைக்கும் குண்டுகளுட் பல, நரி போன்ற சிறு பிராணிகளுக்கென மெல்லிய உறையுடன் செய்யப்பட்டவை. அவை மானின் தோள் எலும்பில் பட்டவுடன் மேலேயே சிதறி அகலமான புண்ணைச் செய்யுமேயன்றி உள்ளே செல்லமாட்டா. மானுக்கென்று தடித்த உறையுடன் செய்த கனமான குண்டு வேண்டும். அந்நீண்ட குண்டு நேராய்ச் செல்லக் குழலின் உட்புரியும் நெருக்கமாய் இருத்தல் வேண்டும். பன்னிரண்டு அங்குலத்துக்கு ஒரு சுற்றுடைய பழைய குழல்கள் அதற்கு உதவா. இவ்வளவும் அறிந்து, சிறு மானை மாத்திரம், குறுகிய தூரத்தில், பக்கவாட்டில் நிற்கும்போது சுடும் பொறுமையுள்ளவனுக்கு நடுவடி .22 தகும். இந்நிபந்தனைகளுள் ஒன்று குறையினும் தகாது. விளிம்படி .22 ரைபிளோ எந்த மானுக்கும், எந்தத் தூரத்திலும், எவர் கையிலும் வேட்டைக் கருவியாகாது.

மனிதர் உயிரைப் பற்றியும் ஒரு வார்த்தை கூறாமலிருத்தல் இயலாது. சிறு குண்டு என்பதனால் அபாயம் சிறிதென்று எண்ணுவது பெரும் பிழை. .22 லாங் ரைபிள் குண்டு ஒன்றரை மைல் வரை செல்லக்கூடும் என்று தோட்டாப் பெட்டியின் மீதே எச்சரிக்கை அச்சிடுகின்றனர். கல்லிலும், கெட்டித் தரையிலும், நீரிலும் பட்டால் அது சிதையாமல் தெறித்து வேறு திசையிற் செல்லும் இயல்புடையது. மேட்டு வரப்பின்மீது வானத்தைப் பின்புலமாகக் கொண்டு நிற்கும் மானை நோக்கிச் சுட்ட குண்டு எவர் களத்தில், எவர் முற்றத்தில் விழும் என்று சுட்டவன் அறியான். மானுக்குப் பின்னே மண்மேடு இருந்தாலன்றி எந்த ரைபிளாலும் சுடலாகாது என்பது முதல் விதி.

பயிர்க் காப்புக்கு வேட்டை ஒன்றே வழியன்று என்பதையும் மறத்தலாகாது. செம்மானைத் தடுக்க சுமார் ஆறடி உயரமுள்ள கம்பி வலை வேலியும், ரோ மானுக்கு ஐந்தடி வேலியும் வேண்டும் என்பது பிரிட்டிஷ் வனத்துறையாரின் அநுபவம். இளமரங்களுக்குத் தனித்தனியே காப்புக் குழாய் பொருத்துவதும் உண்டு. வேலிக்கு முதலிற் செலவு அதிகமாயினும், அது இரவும் பகலும் உறங்காமற் காவல் செய்கின்றது. துப்பாக்கியோ, ஏந்தியவன் விழித்திருக்கும் நேரத்துக்கு மாத்திரமே காவல். இங்கிலாந்தில் சூரியன் மறைந்து ஒரு மணி நேரத்துக்குப் பின்னும், உதயத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு முன்னும், விசேஷ அனுமதி இன்றி மானைச் சுடுவது குற்றமுமாகும்.

இனி, இவ்விஷயம் இந்நாட்டு நிலச்சுவான்தார்களுக்கு எம்மட்டில் உரியது என்று கேட்கலாம். இந்தியாவில் நிலைமை முற்றும் வேறு. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி புள்ளிமான், கடமான், வெளிமான் இவற்றுள் எதனையும் வேட்டையாடுவது குற்றம். சொந்த வயலில் பயிரை மேய்ந்துகொண்டிருக்கும் மானாயினும் உடையவன் தானே சுட உரிமையில்லை. சட்டம் கூறும் மிகச் சில நிலைமைகளில் மாநிலத் தலைமை வனவிலங்குக் காப்பாளரின் எழுத்து மூலமான உத்தரவே வழி. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டமும் இங்குக் கவனிக்கத்தக்கது. அதன் உரிமப் பிரிவு, மெய்யான பயிர்க் காப்புக்கு வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைக் குறிப்பிடுகின்றது; .22 ரைபிளையோ, அங்கீகாரம் பெற்ற சங்கங்களின் அங்கத்தினர் குறி பழகுவதற்கென்றே குறிப்பிடுகின்றது. ஆக, முயல் துப்பாக்கி மானுக்கு ஆகாதென்னும் கருத்து, வேறு வழியாக இந்நாட்டுச் சட்டத்திலும் இடம் பெற்றிருப்பதாகவே கொள்ளலாம்.

ஆகையால் பயிரிடுவோர் செய்யத்தக்கது இதுவே. சேதம் கண்ட அன்றே, மேய்ந்த பயிரும் குளம்படியும் அழியுமுன், கிராம அதிகாரிக்கும் வனச்சரக அலுவலகத்துக்கும் எழுத்து மூலம் தெரிவித்து, விதிகளுக்குட்பட்ட இழப்பீட்டைக் கோருதல் வேண்டும். காட்டோரத்து நிலத்தார் தனித்தனியே வேலியிடுவதினும், நாலைந்து பேர் கூடி ஒரே சுற்றாக இட்டால் செலவு குறையும். கிராம அதிகாரிகளும் இத்தகைய மனுக்களைத் தாமதமின்றிப் பார்வையிட்டு அறிக்கை அனுப்புதல் வேண்டும். குடியானவனுக்கு நியாயமான வழி தாமதப்படும்போதே, அநியாயமான வழியாகிய நாட்டுத் துப்பாக்கியும், சுருக்குக் கம்பியும், அவுட்டுக்காயும் அவன் கண்ணுக்குத் தோன்றுகின்றன. அவுட்டுக்காய் மானை மாத்திரமன்றி, மேயப் போன பசுவின் வாயையும் சிதைக்கின்றது.

முடிவாக, சட்டம் வேட்டையை அனுமதிக்கும் நாடுகளிலும், துப்பாக்கியின் தகுதி அதன் விலையைக்கொண்டோ சத்தத்தைக்கொண்டோ நிச்சயிக்கத்தக்கதன்று. குறி அரை சாண் தவறினபோதும் அப்பிராணியை விரைவிற் கொல்லப் போதுமா என்பதைக்கொண்டே நிச்சயிக்க வேண்டும். ஏனெனில் தவறு சுடுபவனுடையது. அதற்குரிய வேதனையோ மானுடையது. விளிம்படி .22 இச்சோதனையில் தேறவில்லை. அது முயலோடும் குறிப்பலகையோடும் நிற்பதே அதற்கும் மதிப்பு, அதனை ஏந்துபவனுக்கும் மதிப்பு.